தன்மை ஒருமை

எங்கள் தொழிலின் முதல் விதி:
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது.
நான் என்றே சொல்ல வேண்டும்.
அவர் குடித்தால் நான் குடித்தேன்.
அவர் மனைவியை அடித்திருந்தால்
நான்தான் அடித்தேன்.
பிறகு ஒரு வாய் காபி, அடுத்த அழைப்பு.

டாண்டெனாங்கில், ரயில் பாதைக்குப் பின்புறம்,
வாஷிங் மெஷின் இருக்கிற அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு
பதினோரு வருடமாக இந்த வேலை.
அங்கே எனக்குப் பெயர் கிடையாது,
ஐந்து இலக்க எண்.

செவ்வாய் பத்தரைக்கு அருமைநாதன்.
இறைச்சி ஆலையில் இரவு வேலை, தற்காலிக விசா.
மறுமுனையில் ஆலோசகர் கெர்ரி:
ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டாண்டர்டு டிரிங்க்?
அவர் யோசித்தார்.
‘அரைப் போத்தல் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி.
சனிக்கிழமை எண்டால் கணக்கில்லை.’
விதிப்படி தங்கச்சியையும் மொழிபெயர்க்க வேண்டும்.
விட்டுவிட்டேன்.

‘வெறியில விழுந்து கிடந்தனான்’ என்றார்.
எங்கள் தூத்துக்குடியில் வெறி நாய்க்குத்தான் பிடிக்கும்.
அவர் ஊரில் அது வெறும் போதை.
ஒரு விநாடி நின்று
போதை என்றே ஆங்கிலத்தில் சொன்னேன்.
நாய் என் தொண்டையில் தங்கிவிட்டது.

‘குடியுரிமை கிடைக்குமெண்டு ஒன்பது வருசம் இருந்தனான்.
உரிமை வரேல்லை, குடி வந்திட்டுது.’
சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்றாள் கெர்ரி.
விளக்கினேன்.
விளக்கி முடித்தபோது
மூன்று பேரில் யாரும் சிரிக்கவில்லை.

ஏழாவது செவ்வாய்:
‘பதினெட்டு நாள்.
கடை வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்தனான்.’
கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன் என்றேன்
நான்.
குரல் உடைந்துவிட்டது.
மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்றுமில்லையே என்று
கெர்ரி கேட்டதையும்
நானேதான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

முதுகு ஆபரேஷனுக்கு எழுதித் தந்த மாத்திரை.
முதுகு ஆறி மூன்று வருடம்.
மாத்திரைக்கு வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை.
இளைத்துவிட்டாய் என்றார்கள் கோயிலில், பாராட்டாக.
நோபிள் பார்க்கில் ஒரு டாக்டர், பெர்விக்கில் ஒருவர்,
அப்புறம் ஊரிலிருந்து வருகிற யாராவது ஒருவரின் பெட்டி.
மிச்சம் பெருங்காய டப்பாவுக்குள்.
என் கணவர் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினாலும்
அதைத் திறக்க மாட்டார்.

அன்று மத்தியானம் அந்த எண்ணை அழைத்தேன்.
என்ன உதவி வேண்டும் என்றது ஆங்கிலம்.
‘ஐ’ என்று தொடங்க வேண்டும்.
அந்த ஓரெழுத்தைப் பதினோரு வருடம்
வாடகைக்கு விட்டிருந்தேன்.
யார் யாரோ படுத்தெழுந்த பாய் மாதிரி இருந்தது அது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?
வேண்டும் என்றேன்.
தமிழ்.

கொஞ்ச நேரம் பியானோ.
பிறகு ஓர் ஆண் குரல் தன் எண்ணைச் சொன்னது.
கேட்ட குரல்.
பயிற்சி வகுப்பில் கடைசி வரிசை,
தினமும் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்த
தணிகைவேலோ?
வைத்துவிடலாம். கட்டைவிரல் சிவப்பு வட்டத்தின்மேல்.
என் குரலும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.
காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் விதி.

நான் மாத்திரை சாப்பிடுகிறேன், என்றேன்.
நான் மாத்திரை சாப்பிடுகிறேன், என்றான் ஆங்கிலத்தில்,
என்னைவிடத் தெளிவாக.

பெருங்காய டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், என்றேன்.
அங்கேதான் தடுமாறினான்.
ஒரு விநாடி. இரண்டு.
ஒரு மஞ்சள் டப்பா, என்றான்.
சமையலறையில். மூடி இறுகிப்போனது.

மூடி இறுகிப்போனது என்று
நான் சொல்லவே இல்லை.